அந்த 41 விநாடிகளை நான் யாருக்கும் தரவில்லை

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 39 வயது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பாட்டைப் பற்றித்தான் கேட்கப்போகிறேன். சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

என் அண்ணன் இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. மாரடைப்பு. அப்போது அவருக்கு 38 வயது. இன்றைக்கு நான் அவரைவிட ஒரு வயது மூத்தவளாகிவிட்டேன். இதை நினைத்தாலே வயிற்றில் என்னவோ செய்கிறது.

அண்ணன் எந்த வேலை செய்தாலும் வாயில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். முறையாகக் கற்றுக்கொண்டவர் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ரேடியோவில் அடிக்கடி வந்த ஒரு பாட்டுதான் அவருக்கு எப்போதும். ஒருநாள் டேபிள் ஃபேனைக் கழற்றித் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு அதையே பாடிக்கொண்டிருந்தார். விளையாட்டாக என் போனில் பதிவு செய்தேன். மொத்தம் 41 விநாடிகள். முதலில் ஒரு ஸ்குரூ தட்டில் விழும் 'டிங்' சத்தம். அப்புறம் பல்லவி. இரண்டாவது வரியில் வார்த்தை மறந்துபோய் 'ம்ம்ம்' என்று இழுப்பார். அதே ராகத்திலேயே "அந்த நட்டு எங்க போச்சு" என்று பாடுவார். "அண்ணா, சுருதி எங்கேயோ போகுது" என்று நான் சிரிப்பேன். அவரும் சிரித்துவிட்டு மறுபடி பல்லவியை எடுப்பார். அங்கே முடிந்துவிடும்.

அவர் குரல் என்று எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான். குடும்ப வீடியோக்கள் உண்டு, ஆனால் அவற்றின் மேல் யாரோ பின்னணி இசையைப் போட்டுவிட்டார்கள். அண்ணன் வாய் அசைகிறது, குரல் வரவில்லை.

இந்த ஐந்து வருஷத்தில் அந்தப் பதிவை மூன்றே தடவைதான் கேட்டிருக்கிறேன். முதல் இரண்டு தடவையும் அழுது தீர்த்தேன். மூன்றாவது தடவை, ஒன்றரை வருஷம் முன்னால், கேட்டுக்கொண்டிருக்கும்போதே மனசு மறுநாள் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டது. முடிந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. ஐயோ, இதைச் செலவழித்துவிட்டோமே என்று பயந்துபோனேன். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. வேறு எதிலும் நகல் எடுத்து வைக்கவும் மனம் வரவில்லை. நகல் எடுத்தால் அது பத்தோடு பதினொன்றாகிவிடும் என்று தோன்றியது. மாதம் ஒருமுறை அந்தப் பழைய போனை எடுத்து சார்ஜ் போட்டு, அணைத்து, துணிகளுக்கு அடியில் வைத்துவிடுவேன். இப்போது அதன் பின்மூடி லேசாகப் புடைத்திருக்கிறது.

இப்படி ஒரு பதிவு இருப்பதே அண்ணிக்குத் தெரியாது. இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது இதுதான்.

அண்ணன் போனபோது அவர் மகளுக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. இப்போது ஏழு. போன மாதம் என் மடியில் படுத்துக்கொண்டு, "அத்தை, அப்பா குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். பிறகு அலமாரியைக் காட்டி, "அந்தப் பழைய போன்ல அப்பா இருக்காரா?" என்றாள். "அது ரிப்பேர்டா கண்ணு" என்று சொல்லிவிட்டேன். குழந்தையிடம் பொய் சொன்னேன்.

அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் அவள் படம் வரைந்துகொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். அண்ணியிடம் கேட்டுக் கற்றிருக்க வேண்டும். அண்ணன் இழுக்கும் அதே இடத்தில் இழுத்தாள். என்னை அறியாமல் "நிறுத்து!" என்று கத்திவிட்டேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு என் முன்னால் அவள் பாடுவதே இல்லை.

வெளியிலும் இதே கதைதான். ஒருநாள் ஆபீஸ் லிஃப்டில் யாருடைய போனோ அந்தப் பாட்டில் அடித்தது. கால் துவண்டு அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டேன். கூட இருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். மற்றபடி சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன்.

கேட்கக் கேட்க அந்தக் குரல் தேய்ந்துபோகுமா? அதைக் குழந்தைக்குக் கொடுக்கத்தான் வேண்டுமா? இத்தனை நாள் மறைத்துவைத்த நான் சுயநலக்காரியா?

இப்படிக்கு,
ஒரு தங்கை

*

அன்புச் சகோதரிக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அந்தப் போனை இனி சார்ஜில் போடாதீர்கள். பேட்டரிக்குள் வாயு சேரும்போதுதான் பின்மூடி அப்படிப் புடைக்கும். சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. அழுத்தி மூட வேண்டாம், துணிகளுக்கு அடியிலும் வைக்க வேண்டாம். போன் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய், பேட்டரியை மாற்றி அந்தப் பதிவை மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். போனில் எதையும் அழிக்கக் கூடாது, ரீசெட் செய்யக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலை முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். கிடைத்ததும் கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள். பழைய ஒலிநாடாவில் நகலுக்கு நகல் ஒலி மங்கும். டிஜிட்டல் பதிவில் அந்தச் சிக்கல் கிடையாது, நூறாவது நகலிலும் அந்த 'டிங்' அப்படியே இருக்கும்.

சரி, இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வந்த பயம் பைத்தியக்காரத்தனம் இல்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது.

நினைவு ஆராய்ச்சியில் எண்டல் டல்விங் என்பவர் பெரிய பெயர். ஒரு விஷயம் மனதில் பதியும்போது கூடவே பதிந்த வாசனையோ, ஒலியோ, இடமோ மறுபடி எதிரே வந்தால் அந்த விஷயமும் எழுந்து வரும் என்பதை 1970-களில் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் விளக்கினார்கள். அப்படிப்பட்ட குறிப்பு ஒன்று, ஒரே ஒரு நினைவோடு ஒட்டியிருந்தால் நேராக அங்கே கொண்டுபோய்விடும். பல நினைவுகளோடு ஒட்டிக்கொண்டால் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும். ஏதோ ஒரு கோடை விடுமுறையில் மட்டும் கேட்ட பாட்டு, இருபது வருஷம் கழித்துக் காதில் விழுந்தால் அந்த விடுமுறை முழுவதும் கண்முன் வரும். அதே பாட்டைக் காலை அலாரமாக வைத்துப் பாருங்கள். மூன்று மாதத்தில் அது தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆக, பாட்டுகள் தேயும். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் உங்களிடம் இருப்பது பாட்டு இல்லை. பாட்டு எல்லோரிடமும் இருக்கிறது, லிஃப்டில் நின்ற யாரோ ஒருவரின் போனிலும் இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஒரு மனிதர் ஃபேனைப் பிரித்துப்போட்டு, நட்டைத் தேடிக்கொண்டு, வரி மறந்து இழுத்த 41 விநாடி. அது வேறு எதோடும் எப்படி ஒட்டிக்கொள்ளும்? அதை அலாரமாக மட்டும் வைத்துவிடாதீர்கள், போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு நினைவை எழுப்பும்போது அது சற்று நேரம் இளகி, திரும்பப் பதியும்போது அன்றைய மனநிலையையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு பதியக்கூடும். கரீம் நாடர் குழுவினர் 2000-ல் எலிகளின் பய நினைவுகளை வைத்துச் செய்த சோதனை இந்தச் சிந்தனைக்குப் பெரிய தொடக்கமாக அமைந்தது. நீங்கள் அந்தப் பதிவைக் கேட்டதெல்லாம் தனியாக, பயந்துகொண்டு, 'தீர்ந்துவிடுமோ' என்ற தவிப்போடு. ஒவ்வொரு தடவையும் அந்தத் தவிப்பையும் சேர்த்தே பதியவைத்திருக்கிறீர்களோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேட்ட எண்ணிக்கையைவிட, கேட்ட விதம்தான் என்னை உறுத்துகிறது.

அந்த மூன்றாவது தடவை பற்றியும் சொல்லவேண்டும். பாதியில் மனசு ஆபீஸுக்குப் போனது உங்களுக்குக் குற்றமாகத் தெரிகிறது. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-ல் துக்கத்தைப் பற்றி ஒரு விளக்கம் வைத்தார்கள். துயரப்படுபவரின் மனம் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், அன்றாட வாழ்க்கையின் பக்கம் கொஞ்ச நேரம் என்று ஊஞ்சல்போல் போய்வரும். இரண்டு பக்கமும் போய்வந்தால்தான் மனிதர் தாக்குப்பிடிக்க முடியும். அன்றைக்கு உங்கள் ஊஞ்சல் பாட்டின் நடுவிலேயே அந்தப் பக்கம் போயிருக்கிறது. யோசித்துப் பாருங்கள், அண்ணன் உயிரோடு இருந்து பக்கத்து அறையில் பாடிக்கொண்டிருந்தபோது நீங்கள் வேறு எதையாவது யோசித்ததே இல்லையா? அவர் பாடுவார், நீங்கள் உங்கள் வேலையைப் பார்ப்பீர்கள். மூன்றாவது தடவை நீங்கள் அவர் குரலை அப்படித்தான் கேட்டிருக்கிறீர்கள்.

அழுகை வந்தால்தான் அண்ணன் இருக்கிறார் என்று உங்களுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கு தப்பு. ஒன்றரை வருஷமாகக் கேட்காத ஒரு பதிவை நீங்கள் எனக்கு எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். ஸ்குரூ விழுவது, எந்த வரியில் வார்த்தை மறக்கிறது, எங்கே சிரிப்பு, எங்கே முடிகிறது, எல்லாம் வரிசையாக இருக்கிறது. இதில் எதையும் போனைப் பார்த்து எழுதவில்லை. அடுத்த தடவை கேட்கும்போது ஓரிரு இடம் நீங்கள் நினைத்திருப்பதிலிருந்து மாறியிருக்கலாம். நட்டு என்பது பாட்டுக்கு முன்னாலேயே வந்திருக்கலாம். அப்படி இருந்தால் கலங்க வேண்டாம், நினைவின் இயல்பே அதுதான்.

லிஃப்டில் நடந்ததற்கு ஒரு உடற்கூறு விளக்கம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பெட்ர் ஜனாட்டா என்ற ஆய்வாளர், சிறுவயதில் கேட்டிருக்கக்கூடிய பாட்டுகளின் துண்டுகளைக் கேட்கவைத்து மூளையை ஸ்கேன் செய்தார். 2009-ல் முடிவுகள் வந்தன. நெற்றிக்குப் பின்னால், நடுக்கோட்டை ஒட்டிய பகுதி இசையின் போக்கைத் தொடர்ந்துகொண்டே, அந்தப் பாட்டோடு சேர்ந்த சொந்த நினைவுக்கும் எதிர்வினை காட்டியது. பாட்டு எந்த நினைவை எழுப்பலாம் என்று நம்மிடம் அனுமதி கேட்பதில்லை. அதுவும் பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகள் பெரும்பாலோருக்கும் மற்ற காலத்தைவிட அடர்த்தியாக இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் கேட்ட பாட்டு உங்களை அடிக்காமல் வேறு எது அடிக்கும்?

இதைவிட எனக்குப் பிடித்த விளக்கம் ரொம்பப் பழையது. வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகக் கருதி, 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை 1688-ல் உருவாக்கியவர் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர். அந்தக் காலத்தில் சுவிஸ் நாட்டவர் பலர் பிற நாட்டுப் படைகளில் கூலிக்குப் போர் செய்தார்கள். அவர்கள் ஊரில் மாடு மேய்ப்பவர்கள் இசைக்கும் ஒரு மெட்டைக் கேட்டால் வீரர்கள் அழுவார்களாம், படையைவிட்டே ஓடுவார்களாம். அதனால் அந்த மெட்டைப் படைக்குள் இசைத்தால் மரண தண்டனை என்று தடை இருந்ததாகத் தத்துவவாதி ரூசோ 1768-ல் எழுதியிருக்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: அந்த மெட்டு வேற்று நாட்டவரை ஒன்றுமே செய்வதில்லை. ஆகவே அங்கே வேலை செய்வது இசை அல்ல, நினைவுக் குறி என்கிறார்.

உங்கள் வீட்டில் அந்தத் தடையைப் போட்டிருப்பவர் நீங்கள். இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உங்களுக்கு அந்தப் பாட்டு நினைவுக் குறி. பென்சிலோடு உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தைக்கு அது அப்படி இல்லை என்பதை நீங்கள் பார்க்கவேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்படியான நினைவு எதுவும் தங்குவதில்லை. பெரும்பாலோருக்கும் மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தியது எதுவும் ஞாபகம் இருக்காது. அவளிடம் தேய்வதற்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு அப்பாவின் குரல் இனிமேல்தான் ஆரம்பம்.

அவள் இழுத்த இடத்தைப் பற்றி எழுதினீர்களே, அங்கே நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். அண்ணன் வார்த்தை மறந்து இழுத்தது அண்ணியின் வாயில் தங்கி, அங்கிருந்து மகளின் வாய்க்கு வந்திருக்கிறது. எடிசன் 1877-ல் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்து காட்டும்வரை, இறந்தவர் குரலை மறுபடி கேட்க உலகில் யாருக்கும் வழியே இருந்ததில்லை. எல்லோருக்கும் இருந்தது ஒரே வழிதான்: அவர் பாடியதை அவர் பாடியபடியே, தப்போடு சேர்த்து, இன்னொருவர் பாடுவது. 2019-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 315 சமூகங்களைப் பற்றிய குறிப்புகளைப் பார்த்தார்கள். பாட்டே இல்லாத சமூகம் ஒன்றுகூட அதில் இல்லை. குழந்தையைத் தூங்கவைக்க, ஆட, அன்பைச் சொல்ல, நோய் தீர்க்க என்று எங்கும் மனிதர்கள் பாடியிருக்கிறார்கள். அத்தனை பாட்டும் ஏடுகளில் வாழவில்லை, பெரியவர் வாயிலிருந்து சின்னவர் வாய்க்குப் போய்த்தான் வாழ்ந்தன. உங்கள் வீட்டிலும் அது தானாக நடந்துகொண்டிருந்தது.

அதனால் போனை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன்பே குழந்தையிடம் போங்கள். "அன்னிக்கு அத்தை கத்தினது தப்புடா. உன் மேல கோபம் இல்ல. அது அப்பாவோட பாட்டு, கேட்டதும் எனக்கு அழுகை வந்துடுச்சு" என்று சொல்லுங்கள். ஏழு வயதுக்கு இது புரியும். உடனே பாடு என்று கேட்காதீர்கள். அவளாகப் பாடட்டும்.

அடுத்து அண்ணி. பதிவைப் பற்றி முதலில் அவரிடம்தான் சொல்லவேண்டும், குழந்தையிடம் அதற்கு அப்புறம்தான். கணவரின் குரலை மகளோடு சேர்ந்து, எதிர்பாராத நேரத்தில் முதல்முறை கேட்கும் நிலைக்கு அவரைத் தள்ளக் கூடாது. நகல் கையில் வந்ததும், குழந்தை இல்லாத நேரமாகப் பார்த்து, "அண்ணி, அண்ணன் பாடினது ஒண்ணு என்கிட்ட இருக்கு. அஞ்சு வருஷமா சொல்லாம வெச்சுக்கிட்டேன். தீர்ந்துபோயிடுமோன்னு பயம். சொல்லாதது தப்புதான்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அவர் கோபப்படலாம். அந்தக் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது, எதிர்வாதம் செய்யாதீர்கள். எப்போது கேட்பது, உங்களோடு கேட்பதா தனியாகக் கேட்பதா, மகளுக்கு எப்போது தருவது, எல்லாம் அவர் முடிவு.

சுயநலக்காரியா என்று கேட்டீர்கள். மறைத்தது தவறு, அதைத் திருத்திக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் பயந்துபோய் ஒரு பொருளை இறுகப் பிடித்துக்கொண்டவரை நான் சுயநலக்காரி என்று சொல்ல மாட்டேன்.

பாட்டு வெளியில் கேட்டால் கால் துவள்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரிசெய்ய முடியும். லிஃப்டில் அது உங்கள் மேல் வந்து விழுந்தது. இனி நீங்கள் நேரம் குறித்து அதைச் சந்தியுங்கள். பகலில், நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, ரேடியோவில் வந்த மூலப் பாட்டை முதல் அரை நிமிடம் மட்டும் கேளுங்கள். போதும் என்றால் நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து இன்னும் கொஞ்சம். இரவில் தனியாக வேண்டாம். சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் ஏக்கமோ அவரைப் பற்றிய நினைப்போ நாள் முழுவதும் உங்களை அழுத்தினால், அன்றாட வேலைகள் தடைபட ஆரம்பித்தால், நேரில் ஒரு உளவியலாளரைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் நீடித்த துக்கம் இப்போது சிகிச்சைக்குரிய ஒரு நிலையாகவே இடம்பெற்றிருக்கிறது. உங்களுக்கு அது இருக்கிறதா என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. எதிரே உட்கார்ந்து பேசுபவரால்தான் சொல்ல முடியும்.

மகள் கேட்கும் நாளில் ஒன்றை மனதில் வைத்திருங்கள். அவள் அழாமல் இருக்கலாம். "அவ்ளோதானா?" என்று கேட்கலாம். நட்டைத் தேடும் இடத்தில் விழுந்து விழுந்து சிரிக்கலாம். 'இன்னொரு தடவை' என்று இருபது தடவை போடச் சொல்லலாம், குழந்தைகள் அப்படித்தான். போடுங்கள். அந்த ஃபேன் கடைசியில் ஓடியதா, நட்டு கிடைத்ததா என்றும் கேட்பாள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சுருதி எங்கேயோ போகுது என்று சிரிப்பது யார் என்று கேட்டால், "அது அத்தைடா" என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்